பூட்டு போட்ட கேள்வி

சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகள் உலர்த்தும் எந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு மூட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் அவள் போனில் கட்டைவிரலால் ஒரு கேள்வியைப் பூட்டினாள். வேற்றுமொழிக்காரர்கள் தமிழ் கற்க ஒன்றுகூடும் இணைய மன்றம் அது. அங்கே அவளுக்குக் காவல் வேலை. சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. 'தமிழிலேயே அழகான சொல் எது?', 'தமிழ் கஷ்டமா, சுலபமா?' என்று ஆளுக்கொன்று சொல்லி அடித்துக்கொள்கிற கேள்வி வந்தால், 'இதற்கு ஒரே விடை கிடையாது. மூடப்படுகிறது' என்று ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அதனால் அங்கே அவள் பெயர் பூட்டு. பாதிப் பேர் அவளை ஆம்பிளை என்றே நினைத்திருந்தார்கள், அவளும் திருத்தவில்லை. சின்ன வயசிலிருந்து மூட்டை தூக்கியவளுக்கு வழவழா கொழகொழா ஆகாது. அழுக்கென்றால் வெளுக்கலாம், கிழிசலென்றால் தைக்கலாம். ரெண்டுமில்லாததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மன்றத்தின் இன்னொரு காவலர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வண்டி ஓட்டாத குறையை வம்பில் தீர்த்துக்கொள்பவர். அவரிடமிருந்து செய்தி வந்தது.

"பூட்டு, தலைப்பப் பாத்துட்டே பூட்டிட்டியா? உள்ள ஆள் இருக்கு. எட்டிப் பாரு."

'ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்பது தலைப்பு. கேட்டது 'புதுவாய்' என்ற பெயரில் எழுதும் பிள்ளை. அடடா என்றிருந்தது அவளுக்கு. திருத்தினால் சிணுங்காமல் மறுபடி எழுதிக் காட்டுகிற பிள்ளை அது. எனக்கு இப்படியொரு மருமகள் வாய்க்கக் கூடாதா என்று டிரைவரிடமே ஒருமுறை புலம்பியிருக்கிறாள். வாய்த்தவளும் வேற்றுமொழிக்காரிதான். வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் மகன்தான் பாலம். அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மிச்சம் தலையாட்டலும் சிரிப்பும்.

கேள்வியைத் திறந்து படித்தாள்.

'என் அத்தை சலவை நிலையத்தில் வேலை செய்கிறார். நான் துணிகளை மடித்து வைக்கிறேன். அவர் வந்ததும் ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி மடிக்கிறார். திட்டுவதில்லை. திட்டினால் எனக்குப் புரியும். அதற்கான சொற்களை இங்கேயே படித்துவிட்டேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் நானும் கணவரும் தனி வீடு பார்த்துவிடுவோம். பிடித்திருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பது எப்படி?'

அடியில், பூட்டு விழுவதற்குள் முந்திக்கொண்டவர்களின் பதில்கள். வெறுப்புதான் என்றார் ஒருவர். பாசம் என்றார் மற்றொருவர். மாமியார் என்றாலே அப்படித்தான் என்று மூன்றாவது ஆள் தீர்ப்பே எழுதியிருந்தார்.

விரிப்பு ஒன்று அவள் காலில் வந்து விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாளே என்று முதலில் சுருக்கென்றது. தனி வீடு என்ற இடத்தை இன்னொரு தரம் படித்தாள். அப்புறம், எந்திரச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விடை தெரிந்த கேள்வி. அந்த ஆளே அதைப் பூட்டிவிட்டு விரிப்பு மடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்கிறேன் என்று டிரைவருக்கு எழுதினாள். மன்றத்தில் கேட்டதற்கு வீட்டில் என்ன பதில் என்று அவர் குழம்பியது வழி நெடுக போனில் துடித்துக்கொண்டே வந்தது.

வீட்டில், மேசைமேல் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முனை முயல் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையை இறக்கி வைத்தாள், உட்கார்ந்தாள், என்ன பேசுவதென்று யோசித்தாள். யோசனை முடிவதற்குள் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்திருந்தது. முக்கால்வாசி அடுக்கு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. நிமிர்ந்தால், சமையலறை வாசலில் மருமகள்.

"இது கோவம் இல்லடி," என்றாள் தமிழிலேயே. "கைப்பழக்கம். ஒரு தடவ பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி மடியில கெடந்த சால்வைய மடிச்சுட்டேன். திருடின்னு கூப்பாடு போட்டுட்டா."

மருமகள் துண்டு அடுக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ கேட்டதுக்குப் பதில் ஆமா. ரொம்பப் புடிச்சிருக்கு. தனி வீடு கினி வீடெல்லாம் பாத்துட்டு நிக்காத."

அந்த முகம் வெளுத்தது, பிறகு காதுவரை சிவந்தது. அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து முதல் தமிழ் வந்தது.

"நீங்களா பூட்டு?"

"நாந்தான். மீச இருக்கும்னு நெனச்சியா?"

ஒரு துண்டை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகையும் கொஞ்சம் இருந்தது. துண்டு இறங்கியபோது நீதிபதி மாதிரி நின்றாள்.

"நீங்கள் என் கேள்வியைப் படிக்காமல் மூடிவிட்டீர்கள்."

"மூடிட்டேன்."

"தண்டனை உண்டு."

வெட்டியதுபோல் நின்ற அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவினாள். உதறினாள். தன் வழியில் மடித்து, காது நீட்டிக்கொண்டிருக்க, உச்சியில் வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை உருவினாள். அத்தைக்கு விரல்கள் நமநமவென்று அரித்தன. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. கேள்வியைத் திறக்கலாமா வேண்டாமா என்று டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். எடுக்க முடியவில்லை. ஒரு கையை விடுவித்தாலும் அது நேரே துண்டுக்குத்தான் போகும். அதற்குள் மூன்றாவது முயலும் காதை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தது.