ஏசுஅடிமைக்க மகள் வாசித்த மன்றாட்டு

சேப்டி சார் வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது பெட்டி நிறையத் தைலக் குப்பியும் ஒரு ஸ்டாப் வாட்சும் கொண்டுவந்தார். தைலத்தை ஊருக்கெல்லாம் கொடுத்தார். வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே அவர் சேப்டி ஆபீசராக இருந்தார் என்பது அவர் சொல்வது. ஹெல்மெட் வைக்கிற அறைச் சாவி அவரிடம் இருந்தது என்பது கூட வேலை பார்த்தவர்கள் சொல்வது. எப்படியோ, யேசுரத்தினம் என்ற சொந்தப் பெயரை ஊர் மறந்தே போனது.

ஊர்த் தேவாலயப் பங்கின் கல்விக்குழுவுக்குத் தலைவரானதும் முதல் வேலையாக பிளக்ஸ் அடித்தார். ‘ஒரு நிமிடம், நூறு சொல்!’ கீழே ஒரு குழந்தை புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தது. அது எந்த நாட்டுக் குழந்தையோ. மேலே, அந்தக் குழந்தையைவிட மூன்று பங்கு பெரிதாக, சேப்டி சார்.

அந்த பிளக்ஸுக்கு அடியில்தான் ரெஜிஷாவின் மாலை வகுப்பு. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவளிடம், வாசிக்கத் தடுமாறுகிற சின்னப் பிள்ளைகளைக் கல்விக்குழு ஒப்படைத்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. எழுத்தின் ஒலியைச் சொல்லு, அடுத்த ஒலியைச் சொல்லு, இரண்டையும் ஒட்டு. விரல் எழுத்துக்கு அடியிலேயே இருக்கட்டும். வாய் விரலை முந்தக் கூடாது.

மூன்றாம் வகுப்பு ஜெர்லினுக்கு வாய்தான் எல்லாம். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதை ஒருமுறை கேட்டால் போதும், பாடத்தை அப்படியே ஒப்பித்துவிடுவாள். பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் திருப்புவாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நன்றாக வாசிக்கிறவள் என்று பெயர்; இந்த வகுப்புக்குப் பக்கத்துப் பிள்ளைக்குத் துணையாகத்தான் வந்தாள். ரெஜிஷா ஒருநாள் வெறும் தாளில் ஒரு சொல்லை மட்டும் எழுதி, “இதச் செல்லு மக்கா” என்று நீட்டியபோதுதான் பிள்ளைக்கு உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது.

“அழாத. உனக்கு என்ன வாசிக்கணும்? அதுலயே தொடங்குவோம்.”

“அப்பாக்க பேரு.”

அப்பன் ஏசுஅடிமை போன வருடம் கடலில் பெருங்காற்றில் அகப்பட்டான். வள்ளம் கரை சேர்ந்தது, ஆள் சேரவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறைத் தோட்டத்தில் குழியும் இல்லை, பேர் எழுதிய சிலுவையும் இல்லை. இனி வருவது அவனுக்கான ஆண்டு நினைவுத் திருப்பலி. வீட்டுப் பிள்ளை ஒன்று பீடத்தருகே நின்று, பாப்பரசர் தொடங்கி இறந்தோர் வரை ஒவ்வொருவருக்காகவும் மன்றாட்டு வாசிப்பது வழக்கம்; ஒவ்வொன்றுக்கும் சனம் பதில் சொல்லும். அந்தத் தாளில் அவன் பேர் இருக்கும். அதைத் தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் வாசிக்க வேண்டும் ஜெர்லினுக்கு.

மழைக்காலம் முழுக்க இருவரும் அதிலேயே கிடந்தார்கள். ஏ... சு... என்று வந்து ஓரிடத்தில் விரல் நிற்கும்.

“டீச்சர், இந்த ‘அ’ என்னத்துக்கு நடுவில வந்து நிக்கு? சொல்லுக்கு முன்னாலதான நிக்கும்?”

“உனக்க அப்பன் அப்பிடித்தான். கூட்டத்துக்கு நடுவில தனியா நிப்பாரு. அத வச்சே நீ அவரக் கண்டுபிடிச்சிரலாம்.”

ஜெர்லின் சிரித்தாள். பையப் பைய முழு மன்றாட்டும் விரலுக்கு அடியில் வந்தது.

திருப்பலிக்கு முந்தின நாள் சேப்டி சார் சோதிக்க வந்தார். பொத்தானை அமுக்கினார். ஜெர்லின் விரலை வைத்து, ஒட்டி ஒட்டி, ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்தாள். சார் முகம் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல ஆனது.

“இது வாசிக்கதா, கல்லு கொத்துததா? மயிலாடி சிலைப் பட்டறையில இதுக்குள்ள ஒரு பிள்ளையாரே எழும்பியிருப்பாரு.”

கருங்கல் ஊர்ச் சந்தையில் மீன் விற்றுவிட்டு மகளைக் கூட்டிப்போக வந்த ஜெர்லினின் அம்மா வேளாங்கண்ணி, வெறும் சட்டியோடு வாசலில் நின்றாள். “சாரே, எனக்க மாப்பிளைக்கு இனி என்ன அவசரம்?”

“உனக்குத் தெரியாது வேளாங்கண்ணி. பூச லைவ்ல போவுது. குவைத்துலயும் மஸ்கட்டுலயும் பாப்பான். நம்ம பங்குக்க ஸ்டாண்டர்டு என்னாவும்? முடியலேண்ணா எனக்க பேத்தி வாசிப்பா. இங்கிலீஷ் மீடியம். தண்ணி மாதிரி ஓடும்.”

ஜெர்லின் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவசரப்படுத்தினால் பிள்ளை வாசிக்காது, ஒப்பிக்கத்தான் செய்யும் என்று ரெஜிஷா சொல்லப் பார்த்தாள். பேத்தி வாசித்துவிடுவாளோ என்ற பயம் அதை விழுங்கிவிட்டது.

“நாளைக்குள்ள சரியாக்கிருகேன் சார்.”

சரியாக்குவது எளிதாகத்தான் இருந்தது. அவள் வேகமாக ஒருமுறை சொன்னாள். ஜெர்லின் வேகமாகத் திருப்பிச் சொன்னாள். விரலை வைக்கச் சொல்லி ரெஜிஷா கேட்கவில்லை.

மறுநாள் காலை, முடியைப் பின்னி, வெள்ளை உடுப்புப் போட்டு ஜெர்லின் பீடத்தருகே நின்றாள். முன்வரிசையில் சேப்டி சார், கையில் வாட்ச். கோயில் என்றுகூடப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினார். அந்தச் சின்ன ‘டிக்’ ஜெர்லினின் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் போனாள். பாப்பரசர், ஆயர், மழை, கடல், இறந்தோர் எல்லாரும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு ஓடினார்கள். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்ல வேண்டிய சனம் இடம் கிடைக்காமல் திணறி, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை சொன்னது. பிறகு யாரோ கை தட்ட, கோயிலே கை தட்டியது.

பேருக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்த வேளாங்கண்ணி, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். “ஏட்டி, அவருக்க பேரு செல்லிச்சா?”

“செல்லியிருக்கும். நல்ல வேகம் பாத்தியா!”

திருப்பலி முடிந்து சனம் தேநீருக்குப் போனது. வெளியே மைக்கில் சேப்டி சார், பங்கின் வாசிப்புத் தரத்தை விநாடிக் கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜெர்லின் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்.

“டீச்சர், அப்பா எந்த எடத்துல நிண்ணாரு?”

ரெஜிஷா அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் கண்ணு வைக்கதுக்குள்ள வாய் போயிட்டு. திரும்பிப் பாத்தா முடிஞ்சிட்டு.”

இடத்தைக் காட்ட நீண்ட கையை ரெஜிஷா இழுத்துக்கொண்டாள். “தேடு மக்கா. பையத் தேடு. இப்ப யாரும் இல்ல.”

ஜெர்லின் முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். வேளாங்கண்ணி வந்து அருகில் முழந்தாளிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மகளின் விரல் போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. விரல் பாப்பரசரைக் கடந்தது, மழையைக் கடந்தது, கடலில் கொஞ்சம் தயங்கியது. கடைசி வரியில் நின்றது. நடுவில், தனியாக ஒரு ‘அ’.

“ஏ... சு... அ... டி... மை.”

“இதா?” என்று வேளாங்கண்ணி விரலை வைத்தாள்.

“ஆமாம்மா. கைய எடு, மறைக்கு.”

ஒரு விரல் வைத்தால் மறைந்துபோகிற அளவுதான் இருந்தது அந்தப் பேர். வேளாங்கண்ணி விரலை எடுக்கவில்லை.