துரை படுத்துட்டாரு

எங்க தேயிலை எஸ்டேட்டுல ரெண்டு துரை. ஒருத்தரு மேனேஜர் திவாகர், மேட்டு பங்களாவுல இருக்காரு. இன்னொருத்தரு எங்க வீட்டு வாசல்ல எண்ணெய் ஒழுகிக்கிட்டு நிக்கிறாரு. பழைய மேனேஜர் ரிட்டயராகி போறப்ப வித்துட்டுப் போன ஜீப்பு அது. தோல் சீட்டு, மரத்துல டேஷ்போர்டு. ஒரு பட்டன அமுக்குனா காத்து நெரம்பி ஒடம்பத் தூக்கிக்கும், இன்னொண்ண அமுக்குனா எறங்கிக்கும். துரை ஏறி வந்த காடிங்கறதால அதுக்கும் துரைன்னே பேரு வச்சாரு என் வீட்டுக்காரரு பசுபதி. விவசாய இலாகாவுல ஆபீசரு. கட்டுன பொண்டாட்டிய ‘ஏய்’ம்பாரு, அந்தக் காடிக்கு மட்டும் ‘வந்தாரு, போனாரு’. நா தமிழ் டீச்சர். எனக்கு எரியாதா?

அதோட விட்டுச்சா? ஹேண்ட்பிரேக் புடிக்காது. எங்க நிறுத்தினாலும் நாந்தான் மொதல்ல எறங்கி டயருக்குப் பின்னால கல்லு வைக்கணும். கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி வாங்க வந்த டூரிஸ்ட்டுங்க, சேல கட்டின டீச்சர் கல்லத் தூக்கிட்டு ஓடுறத நின்னு போட்டோ புடிச்சிருக்காங்க. கம்போங் ராஜா பள்ளிக்கூடத்துல புள்ளைங்க எனக்கு வச்ச பேரு கல்லு டீச்சர்.

ஈப்போவுல புதுசு ஒண்ணு பாத்து வச்சிருந்தேன். வெள்ள நெறம், பிரேக்க அதுவே போட்டுக்கும். பழச வித்தாத்தான் புதுசுன்னு இவரு ஒரே பிடியா நின்னாரு. எவன் வாங்கப் போறாங்கற தைரியம்தான். நா விடுவேனா? பிரிஞ்சாங்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கற ஜலால் பாயப் புடிச்சேன். சனிக்கிழம வந்து எடுத்துக்கறேன்னாரு.

வெள்ளிக்கிழம சாயங்காலம் வாசலுக்கு வந்து பாக்குறேன், துரை முன்பக்கம் தரையில முட்டிக்கிட்டுக் கெடக்காரு. காத்துப்பை கிழிஞ்சு போச்சாம். இவரு பக்கத்துல குந்திக்கிட்டு டயரத் தடவிக் குடுக்குறாரு. நா நேரா ஜலால் பாய்க்கு போன் போட்டு உள்ளதச் சொன்னேன். பரவால்லக்கா, லோரி கொண்டாந்து தூக்கிட்டுப் போயிடறேன்னு அவரு பெரிய மனசு பண்ணிட்டாரு. எனக்குத் தலகால் புரியல. உடனே என் தங்கச்சி குமுதாவுக்கு வாட்சப்ல வாய்ஸ் போட்டேன்.

“துரை படுத்துட்டாருடி. காத்து போயிடுச்சு, இனிமே எந்திரிக்க மாட்டாரு. அப்பாடான்னு இருக்கு. நாளைக்கு ஜலால் பாய் வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. நா வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், நல்லா வெள்ளையா, பளபளன்னு.”

போனது குமுதாவுக்கு இல்ல. எஸ்டேட் கோயில் திருவிழா குரூப்புக்கு.

அடுத்த பத்தாவது நிமிஷம் கோயில்ல பாட்டு நின்னு போச்சு. கோயில் தலைவரு நாகரத்தினம், சாமிக்கு வாங்கி வச்சிருந்த ரோஜா மாலையத் தூக்கிக்கிட்டு நாலு பேரோட மேட்டு பங்களாவுக்கு ஏறியிருக்காரு. கதவத் தொறந்தது மேனேஜரே. அரைக்கால் சிலுவாரு, கையில தேத்தண்ணி. மாலைய என்ன பண்றதுன்னு தெரியாம, அவரு கழுத்துலயே போட்டு வாழ்த்து சொல்லிட்டு எறங்கிட்டாங்க. அங்க பிரிஞ்சாங்ல, எத்தன மணிக்குத் தூக்குறீங்கன்னு ஜலால் பாய்க்கு போன் மேல போன். எனக்கும் துரைக்கும் சம்பந்தமே இல்லக்கா, ஆள விடுங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டு அவரு போன அடச்சிட்டாரு. வாங்க வந்த ஒரே ஆளும் போயாச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

படுத்துடுச்சுன்னு சொல்லித் தொலச்சிருந்தா ஒரு வம்பும் இல்ல. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் உயர்திணை, அஃறிணை சொல்லிக் குடுக்குற வாயி இது. இவரோட சேந்து எனக்கும் அந்த ‘ரு’ ஒட்டிக்கிச்சு.

அதுக்குள்ள குரூப்ல ஒருத்தி, டீச்சருக்கு நம்ம துரை மேல என்னா காட்டம், யாரு அந்த வெள்ளையன்னு கேட்டுட்டா. மானம் போற எடத்துல யோசிக்கத் தோணுமா? இன்னொரு வாய்ஸ் போட்டேன்.

“துரைங்கறது எங்க காடிங்க. மேனேஜர் சார் நூறு வருஷம் நல்லா இருக்கணும். எங்க துரையும் குடும்பத்துல ஒருத்தருதான். அவரு படுத்த வருத்தத்துல ஏதேதோ ஒளறிட்டேன். எங்க உசுரு இருக்கற வரைக்கும் அவர விக்க மாட்டோம்.”

கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டேன். இவரு அந்த வாய்ஸ ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள மூணு தடவ போட்டுக் கேட்டாரு.

சனிக்கிழம காலையில மேனேஜர் திவாகரே எங்க வாசலுக்கு வந்துட்டாரு. போச்சுடா, சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நா கதவோரமா நின்னேன். அவரு பாட்டுக்கு காடியச் சுத்திச் சுத்தி வந்தாரு, தோல் சீட்டுல ஒரு தரம் ஒக்காந்து பாத்தாரு. கண்ணு ரெண்டும் மின்னுது.

“டீச்சர், ரெண்டு வருஷமா இது மேல எனக்கு ஒரு கண்ணு. நேத்து உங்க மொத வாய்ஸ கேட்டதுமே காடியத்தான் விக்கறீங்கன்னு புரிஞ்சிடுச்சு, கேட்ட வெலைய குடுத்து எடுத்துக்கலாம்னு கெளம்பிட்டேன். அப்புறம் உங்க ரெண்டாவது வாய்ஸ் வந்துச்சு. அதுக்கு மேல கேக்க மனசு வரல.”

சொல்லிட்டு ஒரு அட்டைப் பொட்டிய எடுத்து நீட்டினாரு. பழைய மேனேஜர் பங்களா ஷெட்டுல விட்டுட்டுப் போன காத்துப்பை, பிரிக்காம இருந்துச்சாம். உங்க துரைக்கே போட்டுக்குங்க, காசு வேணாம்னாரு.

நா வாயத் தொறந்தேன். என்னான்னு சொல்றது? ஊரே கேட்ட வாய்ஸ் பொய்யின்னா? நா யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இவரு முந்திக்கிட்டாரு.

“தாமர ஒரு சொல்லு சொன்னா மாத்த மாட்டா சார்.”

கல்யாணமாகி பதினாறு வருஷத்துல அன்னிக்குத்தான் மனுஷன் வாயில என் பேரு வந்துச்சு. படுபாவி, அந்தப் பொட்டிய ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட அணச்சுக்கிட்டாரு.

திங்கக்கிழம காலையில பள்ளிக்கூட வாசல்ல நா கல்லத் தூக்கிட்டு எறங்கினேன். கேட்டுல நின்ன புள்ளைங்க கும்பிட்டு, “வணக்கம் டீச்சர், துரை எப்படி இருக்காரு?”ன்னு கேட்டுச்சுங்க.

டயருக்கு அடியில கல்ல வச்சுட்டு நிமிந்தேன்.

“நல்லா இருக்காரு”ன்னேன்.