படகு என்று எழுதினாள்

ராயபுரத்தில் ஷம்ஷாத் மேடம் நடத்திய சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வெகுநாளாகப் புரோகிராம் எழுதியவன் லியோனார்ட் ஒருவன்தான். வியாசர்பாடியிலிருந்து அன்புக்கரசி வந்து வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய திரையை எட்டிப் பார்த்த அன்றுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

காசிமேட்டு விசைப்படகுச் சங்கத்துக்காக, ஒவ்வொரு படகையும் படத்தோடு காட்டும் ஒரு புரோகிராமை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் வைத்த பெயர்களெல்லாம் தமிழில் இருந்தன. படகு, உரிமையாளர், வலை.

"இதெல்லாம் ஓடாது" என்றான்.

"ஓடுதுண்ணா. ஜாவா மொழி தமிழையும் ஒத்துக்குது." ஓட்டியும் காட்டினாள்.

கல்லூரியில் அவனும் ஒருமுறை முயன்றவன்தான். ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டைப் போட்டு, சி மொழியில் ஒரே ஒரு பெயரைத் தமிழில் எழுதினான். திரை முழுக்கப் பிழை கொட்டியது. வகுப்பே சிரித்தது. அத்தோடு விட்டுவிட்டான். தான் எழுந்து வந்த நாற்காலியில் இவள் சாவகாசமாக வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது அவனுக்கு.

படகுகளின் படங்களையும் அவள் அந்தந்தப் படகின் பெயரிலேயே தமிழில் சேமித்திருந்தாள். பார்க்க வந்த சங்கச் செயலாளர் பரசுராமன் பூரித்துப்போனார். "நம்ம பாசையில பேசுது மேடம் இது!" பிறகு லியோனார்டைத் திரும்பிப் பார்த்து, "நீயும் இங்கதான் வேல செய்றியா நைனா?" என்றார். சங்கத்துக்கு ரசீது போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவனே அவன்தான்.

அதனால் ஒரு விஷயம் அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய விண்டோஸ் 98. தமிழில் பெயர் வைத்த கோப்பை அதற்குத் திறக்கத் தெரியாது. மதியம் அன்புக்கரசி தன் டப்பாவிலிருந்து நெத்திலி வறுவலை எடுத்து அவன் தட்டில் வைத்தபோது, சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பரசுராமனின் கேள்வி ஞாபகம் வந்தது. நெத்திலியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

சங்க அலுவலகத்தில் படகுக்காரர்கள் நெருக்கியடித்து நிற்க, அவள் சி.டி.யைப் போட்டாள். பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் அடிக்கோடுகள். ஒரு படமும் திறக்கவில்லை.

"இன்னாம்மா இது, வெறும் கோடு கோடா கீது? என் போட்டு எங்க?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். எதிர்பார்த்திருந்த சந்தோஷம் லியோனார்டுக்கு வந்தது. அவள் காது சிவந்ததைப் பார்க்கும்வரை இருந்தது.

"இந்த மிசின நீதானண்ணா பாத்துக்கினு இருந்த?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் குனிந்து சி.டி.யை வெளியே எடுத்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் மீண்டும் போனார்கள். கோப்புகளுக்கெல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் பெயர் மாற்றியிருந்தாள். ஆனால் திரையில் அந்தப் பெயர்கள் எதுவும் தெரியவில்லை. படகின் முகப்பில் பெயின்ட்டில் எழுதிய பெயர் மட்டும் தெரியும்படி ஒவ்வொரு படத்தையும் வெட்டி வரிசையாக அடுக்கியிருந்தாள். எழுத்தின் மேல் சொடுக்கினால் முழுப் படகும் வந்தது.

"யோவ், இது என் மச்சான் கையெழுத்துய்யா!" என்று ஒருவர் கண்ணாடித் திரையில் விரலை வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் பெயின்ட்டை அடையாளம் கண்டார்கள். பரசுராமன் எல்லாருக்கும் டீ சொன்னார்.

லியோனார்ட் வாசலில் நின்றான். முன்பே சொல்லியிருந்தால், ஆங்கிலத்தில் ஒரு சாதாரணப் பட்டியலோடு வேலை முடிந்திருக்கும். தன் மௌனமே அவளுக்கு இதைச் செய்து கொடுத்தது என்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அன்புக்கரசி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த தபா தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லிடுண்ணா. வயித்தெரிச்சல அப்பால பட்டுக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ் வந்ததும் ஏறிப் பின்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தான்.