இன்னொரு முறை, சத்தமாக

சிப்பாயின் முகமூடித் துணி மூச்சுக்கு உள்ளே ஒட்டுகிறது, வெளியே புடைக்கிறது, வாய் இருக்கும் இடத்தில் ஈரமாக ஒரு வட்டம், அந்தப் பகல் பத்து மணி ராஜமாணிக்கத்துக்கு அப்படித்தான் வந்து சேரும், எண்பத்தொரு வயதில் ஆக்லாந்தில் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், நாடாளுமன்றத்தின் நடுப்பாதையில் பத்துப் பேர் துப்பாக்கியோடு வருகிறார்கள், கர்னல் மேடையேறி, மண்ணின் மக்கள் இந்தப் பக்கம், இந்தியர்கள் அந்தப் பக்கம் என்கிறான், பசிபிக் கடலில் கிடந்த அந்தச் சின்னத் தீவு நாட்டில் அதுதான் முதல் ராணுவக் கவிழ்ப்பு, ராஜமாணிக்கம் அப்போது சுகாதார மந்திரி, கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த கூலியின் பேரன், இந்தியர் பக்கம் போய் நிற்கிறார், பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள், திரும்பினால் சக்கேயோ, கல்வி மந்திரி, தீவின் பூர்வகுடி, உன் இடம் அங்கே என்று கர்னல் கத்துகிறான், எனக்கு இங்கேதான் வசதி என்கிறான் சக்கேயோ, சொல்லி வாய் மூடுமுன் துப்பாக்கிக் கட்டை அவன் இடது காதில் இறங்கியது.

ஆறு நாள் ஒரு கூடத்தில் பூட்டிவைத்தார்கள், காதிலிருந்து வழிந்ததைத் துடைக்க ராஜமாணிக்கம் தன் சட்டையைக் கிழித்தார், நீதானே சுகாதார மந்திரி, வைத்தியம் பார் ராஜா என்று சக்கேயோ சிரித்தான், சிரித்ததில் வலித்து அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், அந்தப் பிடி இன்னும் தெரிகிறது.

மூன்று மாதம் கழித்து கர்னலின் ஆள் வீட்டுக்கு வந்தான், வெளிநாடுகளுக்குக் காட்ட மந்திரிசபையில் ஓர் இந்திய முகம் வேண்டும், உங்களுக்கு நிலத்துறை, அதற்கு முன் வானொலியில் இந்த நாலு வரியை வாசித்துவிடுங்கள், ஆறு நாளும் எங்களை மரியாதையாக நடத்தினார்கள், யார் மேலும் கை படவில்லை, அவ்வளவுதான். அப்போ சக்கேயோவோட காது என்று கேட்டாள் மனைவி பாப்பம்மா, நான் உள்ளே இருந்தால்தான் நம்ம ஜனங்களோட குத்தகை நிலம் மிஞ்சும், உனக்குப் புரியாது என்றார், வாசித்தார், சில நூறு குடும்பங்களின் நிலம் மிஞ்சியதும் நிஜம்தான், அதைத்தான் இன்றும் தனக்கே சொல்லிக்கொள்கிறார், சொல்லச் சொல்ல அது தேய்ந்துகொண்டே போகிறது.

ஒன்பது வருஷம் போயிற்று, இன்னொரு கவிழ்ப்பு வந்து போயிற்று, கர்னல் பிரதமரானான், அவர் மந்திரியாகவே இருந்தார், வெளித்தீவில் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்ட சக்கேயோ தன்னை அடித்ததற்காகக் கர்னல் மேல் வழக்குப் போட்டான், கர்னலின் வக்கீல் அந்தப் பழைய ஒலிநாடாவை ஓடவிட்டார், சாட்சிக்கூண்டில் ராஜமாணிக்கம், இது உங்கள் குரலா, ஆமாம், சொன்னது உண்மையா, உண்மை என்றார், அவருக்கே கேட்காத மாதிரி.

சக்கேயோ எழுந்தான், தலை நரைத்திருந்தது, ஐயா, எனக்கு இந்தக் காது கேட்காது, சாட்சி சொன்னது விழவில்லை, இன்னொரு முறை சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றான் நீதிபதியிடம், அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்கவில்லை, நல்ல காதைத் திருப்பி உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு காத்து நிற்கிறான், கூட்டத்தில் பாப்பம்மா, அவளுக்குப் பக்கத்தில் சக்கேயோவின் மனைவி லோசலினி, மாற்றிச் சொல்ல ஒரு வாய்ப்பு, இதோ, கைக்கெட்டும் தூரத்தில், அவர் தொண்டையைச் செருமினார், மேடையில் பேசும் குரல் தானாக வந்தது, கணீரென்று வந்தது, யாரும் அவரை அடிக்கவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். கேட்டது, நன்றி ராஜா என்றான் சக்கேயோ, உட்கார்ந்துகொண்டான்.

வழக்கு அன்றைக்கே தள்ளுபடியானது, வெளியே கொடி வைத்த கார் காத்திருந்தது, பாப்பம்மா ஏறவில்லை, லோசலினியோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள், ஏறு, எல்லாரும் பாக்கறாங்க என்றார், பாக்கட்டும் என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே, அவர் கண்ணாடியை ஏற்றச் சொன்னார், மத்தியானம் குத்தகை மசோதா இருந்தது, நேரத்துக்குப் போய்விட்டார், அரைமணி நேரம் பேசினார், நன்றாகப் பேசினார், எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.