குளியல் தொட்டியில் அவள் கத்தியது என்ன

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய மூன்று வரி.

தைனான் நகரத்தில் எங்கள் திரைப்படக் கழகம் பழைய தைவான் மொழிப் படங்களைத் தேடிப்பிடித்து, செப்பனிட்டு, மாதம் ஒன்றாகத் திரையிடுகிறது. துண்டறிக்கை எழுதுவது என் வேலை. 1966இல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இப்படி எழுதினேன்: "பன்றிக்குட்டியும் சிறுமியும் அடிக்கும் கூத்து! குளியல் தொட்டிக் காட்சியில் உங்கள் வயிறு புண்ணாவது உறுதி. குடும்பத்தோடு வாருங்கள்!"

எண்ணூறு பிரதி அச்சாகிவிட்டது. திரும்ப வாங்க முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

(முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, முதிய பெண்மணி ஒருவர் தயங்கித் தயங்கி..." மழை பெய்யவில்லை. அவர் தயங்கவும் இல்லை. முதிய பெண்மணி என்று எழுதினால் சண்டைக்கு வருவார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

படத்தின் கதை சின்னது. கோயில் குலுக்கலில் ஒரு முடிதிருத்துபவரின் குடும்பத்துக்குப் பன்றிக்குட்டி விழுகிறது. இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம். பெயர் ஆ-புய், குண்டன் என்று அர்த்தம். அது கடை நாற்காலியில் ஏறி உட்காருகிறது, வாடிக்கையாளரின் தொப்பியைத் தின்கிறது, மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தெருக்கோடி வரை துரத்துகிறது. ஏழு வயதுக் கடைக்குட்டி மகள் அதை விட்டு நகர்வதே இல்லை.

ஒருநாள் இருவரையும் ஒரே தொட்டியில் போட்டுக் குளிப்பாட்டப் பார்க்கிறார்கள். சிறுமி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்பது நொடி கத்துகிறாள்: "நான் குளிக்க மாட்டேன்! இவன்தான் நாறுறான், இவனத் தேய்ங்க! நாளைக்கு இவனுக்குத்தான் கல்யாணம்!"

அரங்கமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

3

படம் முடிந்ததும் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு ஒருவர் என் மேசைக்கு வந்தார். நகக்கண்ணெல்லாம் என்ஜின் எண்ணெய். துண்டறிக்கையை என் முன்னால் வைத்தார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்க்கா."

"வயிறு புண்ணாச்சா உனக்கு?"

பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"தொட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கத்துதே ஒரு பொண்ணு, அது நான். அந்தக் குரல் என்னோடது இல்ல. நான் குளிக்கிறதப் பத்திப் பேசவே இல்ல."

பெயர் சியோக்-கிம். ரயில் நிலையத்துக்குப் பின்புறம் கணவரோடு ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அறுபத்தைந்து வயது. இந்தப் படத்தை இதுவரை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாராம், வெளிவந்த அன்று. பாதியில் எழுந்து ஓடியதற்கு அடி வாங்கினாராம்.

4

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதப் பார்க்கிறேன்.*

படப்பிடிப்பு வடக்கே பெய்தோ என்ற ஊரில். நடிகர்கள் ஒரே சமயத்தில் நான்கு படங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். மூன்று வாரத்தில் முடியவேண்டியது ஒன்பது வாரம் இழுத்தது. பன்றிக்குட்டி அதுவரை குட்டியாகவே இருக்குமா? தூக்க முடியாதபடி வளர்ந்ததும் அதை வெட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பிறகு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் இடது கண்ணைச் சுற்றி பூட் பாலிஷ்.

"என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஜுரம் வந்து இளைச்சிட்டான்.' எனக்கு வயசுதான் ஏழு, நான் முட்டாள் இல்ல. ஆ-புய் என் சத்தம் கேட்டாக் காத ஆட்டுவான். இது என்னை ஏறெடுத்தும் பாக்கல. தொட்டித் தண்ணியில அதோட கண்ணத் துடைச்சேன், கையெல்லாம் கறுப்பு. அப்பத்தான் கத்தினேன்."

"என்னன்னு?"

"'இது ஆ-புய் இல்ல! ஆ-புய் எங்க?' வேற என்ன கத்துவேன்? நிறுத்தாதே, ஓட்டுன்னு டைரக்டர் கேமராக்காரன்கிட்ட கைய காட்டினாரு. சுத்தி எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னாங்க."

அந்தக் காலத்தில் படம் பிடிக்கும்போது ஒலியைப் பதிவு செய்வதில்லை. பிறகு ஓர் அறையில் உட்கார்ந்து, முப்பது வயதுப் பெண் ஒருத்தி, குழந்தைக் குரலில், நாளைக்குக் கல்யாணம் என்றாள்.

(இங்கே எனக்கு ஒரு சபலம். "அன்று முதல் அவர் பன்றி இறைச்சியைத் தொட்டதே இல்லை" என்று எழுதினால் கச்சிதமாக இருக்கும். கேட்டேன். "நேத்துகூட பன்னிக்கறிக் குழம்ப சோத்துமேல ஊத்திச் சாப்பிட்டேன். பன்னிய வெட்டினதுக்கா கோவம்? ஊரே வெட்டுது. ஒரு புள்ள அழுறத எடுத்து, அதுக்குமேல தமாஷ ஒட்டி வித்தாங்களே, அதுக்கு." அந்த வாக்கியத்தையும் அடித்தேன்.)

* அவர் பேசியது தைவான் மொழி. நான் எழுதுவது தமிழ். ஆக, அவர் வாயில் வார்த்தை வைக்கும் இரண்டாவது ஆள் நான். இதை அவரிடமே சொன்னேன். "சிரிப்பு வராத மாதிரி வை" என்றார்.

5

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, சின்ன வயதில் நான் சிரித்த விலங்குப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாத்து, நாய், குரங்கு. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். மேளமும் ஊதுகுழலும் போனதும் வாத்து நடனமாடவில்லை, காலைச் சூடான எதன்மீதோ மாற்றி மாற்றி வைக்கிறது. இவ்வளவு காலம் இது தெரியாமல் போனதற்கு யாரைத் திட்டுவது? இசையமைப்பாளரையா? கைதட்டிய என்னை

(இந்தப் பத்தியை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

6

சியோக்-கிம் கேட்டது ஒன்றுதான்: அந்த நாற்பது நொடிக்கு ஒலியை எடுத்துவிட வேண்டும். கழகத்தின் பொறுப்பாளர் ஜியென் மறுத்தார். நல்ல மனிதர். இந்தப் படத்துக்காக இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்.

"அக்கா, செப்பனிடறதுன்னா இருந்தத இருந்தபடி வைக்கிறது. நாங்க கை வைக்கக் கூடாது."

"இருந்தது எது தம்பி? நான் கத்தினதா, அவ ஒட்டினதா?"

"படத்துல இருக்கிறது..."

"படத்துல இருக்கிறது என் வாய். கார்புரேட்டரக் கழட்டி வேற வண்டியில மாட்டிட்டு, இதுதான் ஒரிஜினல்னு வித்தா நீ வாங்குவியா?"

கடைசியில் ஜியென் ஒத்துக்கொண்டார்: அடுத்த திரையிடலில், படம் முடிந்த பிறகு, அந்தக் காட்சியை மட்டும் ஒலியில்லாமல் ஒருமுறை ஓட்டுவது. மைக்கைப் பிடித்து சியோக்-கிம் தன் வார்த்தையைத் தானே பேசுவது.

7

நூற்று இருபது பேர் இருந்தார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். தலைக்குச் சாயம் போட்டிருந்தார். காட்சி தொடங்கியது. திரையில் அவள் வாய் திறந்தது.

"இது ஆ-புய் இல்ல! ஆ-புய் எங்க?" என்றார்.

பொருந்தவில்லை. இவர் பேசி முடிப்பதற்குள் அவள் மூன்று முறை வாயைத் திறந்து மூடிவிட்டாள். ஒரே சின்னச் சொல், திரும்பத் திரும்ப.

"இன்னொரு தடவ ஓட்டு."

ஓட்டினார்கள். வேகமாகச் சொல்லிப் பார்த்தார். பொருந்தவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"சிரிக்காத!" மைக் கீச்சிட்டது. "உன் அப்பன் சிரிச்சான், போதும்!"

மூன்றாம் முறை அவர் பேசவில்லை. அந்த வாயை மட்டும் பார்த்தார். அகலத் திறக்கிறது, உதடு ஒட்டுகிறது, குவிகிறது. திறக்கிறது, ஒட்டுகிறது, குவிகிறது.

"பரவாயில்லக்கா..." என்றார் ஜியென்.

"பரவாயில்லைன்னு நீ யாருடா சொல்றதுக்கு?"

மைக்கை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அது பேரா இருக்கலாம்" என்றேன். "வெறும் 'ஆ-புய், ஆ-புய்'னு கூப்பிட்டிருப்பீங்க."

"இருக்கலாம்." ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார். "எங்கம்மா கேமராவுக்குப் பக்கத்துலதான் நின்னா. முதல் வரிசையில. அவளும் சிரிச்சா." ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். "அம்பத்தெட்டு வருஷமா ஒரு வாக்கியத்தச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கிட்டிருந்தேன். அதையும் பிடுங்கிட்டானுங்க பாவிங்க."

8

இதற்கு இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவள் கத்தியது பன்றிக்குட்டியின் பெயர். மற்றதில், தைவான் மொழியில் அம்மாவுக்குச் சொல்லும் சொல்: ஆ-பூ.

படித்துக் காட்டினேன். சியோக்-கிம் ஒரு ஸ்கூட்டரின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"ரெண்டையும் கிழி. எதுன்னு எனக்கே தெரியாது, நீ யாரு முடிவு பண்றதுக்கு? ஏற்கெனவே ஒருத்தி பண்ணியாச்சு."

கிழித்துவிட்டேன். இனி உங்கள் பாடு. கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் இல்லாமல், இரண்டையும் சொல்லிப் பாருங்கள்: ஆ-புய். ஆ-பூ. வித்தியாசம் தெரிந்தாலும் எனக்கு எழுதவேண்டாம். அவருக்கும் எழுதவேண்டாம்.