சிரித்துக்கொண்டே போ

பெரிஹான் என் ஓரகத்தி. அண்ணன் மனைவி அவள், தம்பி மனைவி நான். அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் புர்சாவில் அதே கட்டடத்தில், அவள் மாடியிலும் நான் கீழேயுமாக, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதிக்குக் கண் பட்டுவிட்டது. அவள் மகன் லெவெந்த் அவளை ஜெர்மனிக்கே ஒரேயடியாக அழைத்துக்கொள்கிறான். சாயங்காலம் விமானம். காலையில் கதவைத் தட்டி, மசூதிகளிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டும், நீயும் வா என்றாள். மசூதிக்குக் காது இருக்கிறதா என்று கேட்டேன். உனக்கு மட்டும் இருக்கிறதா என்றாள். முக்காட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவள் போகக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை. இதை இங்கே எழுத முடிகிறது, வாயால் சொல்லத்தான் முடியவில்லை. குளிர்காலத்தில் லெவெந்த் தொலைபேசியில், சித்தி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டான். பெரிஹான் பக்கத்திலேயே நின்றாள். அவள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். கெஞ்சுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வராது.

மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஊரை மூடியிருந்தது. தெரு தெரியவில்லை, கடை தெரியவில்லை. பெரிய மசூதியின் மினார்களும் குவிமாடங்களும் மட்டும் எதன் மேலும் நிற்காமல் மிதந்தன. பெரிஹான் முன்னால் போனாள். அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு பனிக்குள் கரைவதும் தெரிவதுமாக இருந்தது. ஒருமுறை முழுதாகக் காணாமல் போனபோது அப்படியே நின்றுவிட்டேன். பிறகு பனிக்குள்ளிருந்து அவள் இருமல் கேட்டது.

பெரிய மசூதிக்கு நடுவில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ஒரு தடாகம் இருக்கிறது. சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ‘வாவ்’ என்ற எழுத்து. அரபியில் அதற்கு ‘உம்’ என்று அர்த்தமாம். நீயும் நானும் என்பதில் வருகிற ‘உம்’. நான் அந்த எழுத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மசூதி கட்டும்போது இந்த இடத்தில் ஒரு பெண்ணின் வீடு இருந்ததாகவும், அவள் கடைசிவரை கொடுக்க மறுத்ததாகவும், சம்மதமில்லாத மண்ணில் தொழக் கூடாதென்று தடாகம் கட்டிவிட்டதாகவும் எங்கள் ஊரில் சொல்வார்கள். பெரிஹானும் அதைத்தான் நினைத்திருக்கிறாள்.

“மாட்டேன்னு வாயைத் திறந்து சொன்னா பாரு, அவ பொம்பள,” என்றாள். “அதான் இன்னிக்கும் அவ வாசல்ல தண்ணி ஓடுது.”

தண்ணீரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் தூணில் சாய்ந்து கண்ணை மூடினேன். அந்தச் சலசலப்பில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. தடாகத்துக்கு அடியில் எங்கள் வீடு இருந்தது. மாடியில் விளக்கு எரிந்தது. பெரிஹான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் அதிகம், வழக்கம்போல. நான் சன்னலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து சத்தத்துக்குப் பதில் குமிழி குமிழியாகக் காற்றுதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் தடாகத்தின் விளிம்பில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தாள்.

“அல்லாகிட்ட ஒப்படைச்சேன்.”

கிளம்புகிறவர்கள் சொல்கிற சொல் அது. இருக்கிறவர்கள் பதிலுக்கு, சிரித்துக்கொண்டே போ என்பார்கள். எங்களிடம் இது மாறவே மாறாது. பேச்சு வந்த குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். தடாகம் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிஹான் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

பழைய சுல்தான் ஒருவரின் பச்சைச் சமாதிக்குப் போனோம். பேர்தான் பச்சை, பனிக்குள் அது வானம் மறந்து வைத்துவிட்டுப் போன துண்டுபோல நீலமாக நின்றது. சுவரில் பதித்த ஓடுகளில் உள்ளங்கையை வைத்தாள், அதே சொல்லைச் சொன்னாள், என்னைப் பார்த்தாள். எமீர் சுல்தான் மசூதிக்கு ஏறினோம், அங்கேயும் அப்படியே. எனக்கு எரிச்சலாக வந்தது. கால் வலிக்கிறது, போதும் என்றேன்.

“கால் வலிக்குதா, வாய் வலிக்குதா?” என்றாள்.

மத்தியானம் டாக்ஸி வந்தது. ஓட்டுநர் பெட்டிகளைப் பின்னால் ஏற்றினார். நான் செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றேன். வண்டி நகர்ந்ததும் பின்னால் ஊற்ற வேண்டும், தண்ணீர்போலப் போய்த் தண்ணீர்போலத் திரும்பட்டும் என்று. பெரிஹான் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கோட்டில் பனியின் ஈரம் இன்னும் இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“அல்லாகிட்ட ஒப்படைச்சேன் அக்கா.”

நான் சொல்ல வேண்டிய சொல் அது இல்லை. அது போகிறவள் சொல். அவளும் யோசிக்காமல், இத்தனை காலம் அந்த வாசலில் நின்று எல்லாரையும் வழியனுப்பிய பழக்கத்தில், பதில் சொன்னாள்.

“சிரிச்சிக்கிட்டே போ கண்ணு.”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஓட்டுநர் பின்கதவைப் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, உங்கள்ல யாரு ஊருக்குப் போறது?”

பெரிஹான் சிரிக்கவில்லை. அவள் கண் என் வாயின் மேலேயே இருந்தது, காலையில் ஒவ்வொரு மசூதியிலும் இருந்ததுபோல. செம்புத் தண்ணீர் என் கையில் தளும்பியது.

“போகாத அக்கா,” என்றேன்.

அவள் உட்காருவதற்கு இடம் தேடினாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மசூதி மசூதியா உன்னை இழுத்துக்கிட்டு அலைஞ்சேன்டி,” என்றாள். “ஏதாவது ஒண்ணுலயாவது நீ சொல்லுவேன்னு.”

பெட்டிகளை இறக்கச் சொன்னோம். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். போகிறவர் சொல்ல வேண்டியதை அவரும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். பெரிஹான் படியில் உட்கார்ந்தபடியே, சிரிச்சிக்கிட்டே போப்பா என்று அவருக்குக் கையசைத்தாள். லெவெந்த் கூப்பிட்டான். தொலைபேசியை என்னிடம் நீட்டி, உன் சித்தியையே கேளு என்றாள். அவன் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டே நான் சமையலறைக்குப் போய், செம்பிலிருந்த தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றித் தேநீருக்கு வைத்தேன்.