வெற்றுத் தெருவில் முப்பத்திரண்டு பேர்

எட்டு மாத வயிறு மேசையில் இடித்ததால் அவள் நாற்காலியை ஓரடி பின்னுக்குத் தள்ளிப் போட்டுத்தான் கணினியில் வேலை செய்தாள். நகரச் சுகாதார அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்ப்பவள். கர்ப்பிணிகளின் வீட்டையெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகளைப் பார்த்துத்தான் புதிதாக வந்திருக்கும் மருத்துவ வண்டி எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும்.

செவ்வாய்க்கிழமை காலை திட்ட அலுவலர் எட்டிப் பார்த்து, தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த நீளத் தெருவைத் தொட்டார்.

"இங்க ஒருத்தருமே இல்லையே. நல்லதாப் போச்சு, வண்டி போக வேண்டாம்."

அது அவள் குடியிருக்கும் தெரு.

"அப்ப நான் யாரு சார்?"

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். தேடியதில் அவள் புள்ளி அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தாள். வரைபடத்தின்படி அவள் குடியிருப்பது இதே கட்டடத்தில்.

"அதான் தினமும் எனக்கு முன்னாடி வந்துடுறீங்களா!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், தெருவில் வேறு புள்ளியே இல்லாததற்குக் காரணத்தைத் தேடினார்கள். தெரு இரண்டு வார்டுகளின் எல்லையில் இருந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் செவிலியர் இருவரும், அது அடுத்தவர் வார்டு என்று ஆளுக்கொரு பக்கம் விட்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை கூட்டம். அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க, வண்டியைக் கேட்டுடலாம்," என்றார் அவர்.

அன்று மாலையே, மாடி வீட்டில் இருந்த நாத்தனாரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நாத்தனாருக்குத் தையல் வேலை. தெருவில் அவள் அளவெடுக்காத பெண் இல்லை. அவள் கதவைத் தட்ட, இவள் கைபேசியில் குறித்தாள். முதல் வீட்டில் ஒருத்தி. அடுத்த வீட்டில் அக்கா, தங்கை இருவருமே. அதற்கடுத்த வீட்டுப் பெண், "எனக்கு இது மூணாவது. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல," என்றாள், கோபமே இல்லாமல்.

சேதி அவர்களுக்கு முன்னால் ஓடியது. ஜன்னல்கள் திறந்தன.

"எனக்கு ஏழு மாசம், எழுதிக்கோ!"

"என் பொண்டாட்டி தூங்குறா, அவளையும் சேர்த்துக்கோங்க!"

புள்ளி விழ விழ இருவருக்கும் குஷி தலைக்கேறியது. கடைசி வீட்டுப் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்து எண்ணினாள். தன்னையும் சேர்த்து முப்பத்தொன்று.

"முப்பத்திரண்டு போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"யாரை விட்டோம்?"

நாத்தனார் நகத்தைக் கடித்தாள். "நேத்துதான் தெரிஞ்சுது. அவர்கிட்டகூட இன்னும் சொல்லல."

"அடிப்பாவி!" கட்டிப்பிடிக்கப் பாய்ந்தாள். வயிறு குறுக்கே நின்றது. பக்கவாட்டில் கட்டிக்கொண்டு குலுங்கினார்கள்.

வியாழக்கிழமை கூட்டத்தில், புள்ளிகள் அதிகம் இருந்த கடைவீதிக்கே வண்டியை அனுப்பப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"அங்க ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். எங்க தெருவுக்கு ரெண்டு பஸ் மாறணும்."

புதிய வரைபடத்தில் தெரு அம்மை கண்டதுபோல் சிவந்திருந்தது.

"இத்தனை பேரும் நிஜமா?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுலயே ரெண்டு பேர் சார்!"

வண்டி கிடைத்தது. திங்கட்கிழமை காலை அது வந்து நின்றபோது, வரிசையில் முதல் ஆளாக நாத்தனாரின் கணவன் நின்றிருந்தான்.

"நீங்க ஏங்க நிக்கிறீங்க?" என்றார் செவிலியர்.

"அவ இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்," என்றான், காதுவரை சிரித்தபடி.